கழித்தலில் கிடைக்கும் பளபளப்பு

காரை சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் மதிப்பீட்டுத் தாளின் அடியில், எஞ்சின் ஆயிலுக்கும் வீல் அலைன்மென்ட்டுக்கும் கீழே, பாலிஷ் என்று ஒரு வரி தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். வேண்டாம் என்று வாய் திறந்து சொன்னால்தான் அதை அடிப்பார்கள். "ஒரு பாலிஷ் போட்டுட்டா புது வண்டி மாதிரி ஆயிடும் சார்" என்பார் சர்வீஸ் அட்வைசர். மாலையில் வண்டி திரும்பி வரும்போது அவர் சொன்னதில் பொய்யில்லை என்றுதான் தோன்றும். கருநீல போனட்டில் எதிர்வீட்டு மாடியின் கைப்பிடிக் கம்பிகளை எண்ணிவிடலாம். ஆனால், நாலைந்து முறை தண்ணீர் பட்டதும் பழைய மங்கல் அப்படியே எழுந்து வந்துவிடும். பத்து வயதைத் தாண்டிய ஒரு காரை இப்படி எத்தனை முறை புது வண்டியாக்க முடியும், அந்தப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது, போகும்போது எங்கே போகிறது என்ற கேள்விகள் வெகுநாளாக என்னை அரித்துக்கொண்டிருந்தன.

பதிலின் முதல் பாதி எளிதாகவே கிடைத்தது. அவசரத்துக்குப் பூசப்படும் பாலிஷ்கள் பலவற்றில் எண்ணெயும் சிலிக்கோனும் நிரப்பிகளும் கலந்திருக்கும். அவை கீறலை நீக்குவதில்லை. கீறலின் பள்ளத்தில் போய்ப் படிந்து, ஒளி சிதறாமல் பார்த்துக்கொள்கின்றன. ஷாம்பூ தண்ணீரில் அவை கழுவப்பட்டதும் கீறல் மறுபடியும் கண்ணில் படுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து, பாலிஷ் போட்ட இடத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் துடைத்துப் பார்த்தால், அதில் மறைப்பு எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்பது அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாம் பாதிதான் சங்கடமானது. உண்மையிலேயே கீறலைப் போக்கும் பாலிஷ், சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் அடிமட்டம் வரைக்கும் தேய்த்துக் குறைத்துத்தான் அதைப் போக்குகிறது. பள்ளத்தை நிரப்ப வழியில்லை என்பதால் மேட்டைக் குறைக்கிறோம். அதாவது, நிலைத்து நிற்கும் பளபளப்பு ஒவ்வொன்றும் பெயிண்ட்டிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டுதான் வருகிறது.

மேல்பூச்சின் கணக்கு

என் மாமா ஒரு வெள்ளை அம்பாசடர் வைத்திருந்தார். அந்தக் காலத்துக் கார்களில் நிறமே மேல்பூச்சாகவும் இருந்தது. அதன்மேல் நிறமற்ற பூச்சு எதுவும் கிடையாது. வெயிலில் நின்று நின்று பெயிண்ட் வெளிறி, கையை வைத்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் பனியனோடு நின்று பாலிஷ் போடும்போது, தேய்க்கும் பழைய வேட்டித் துணி வெள்ளை வெள்ளையாக ஆவதைப் பார்த்திருக்கிறேன். பெயிண்ட் கரைகிறது என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துணியே சொன்னது. அதனால் பாலிஷைக் கஞ்சத்தனமாகவும், எதையும் தேய்த்தெடுக்காமல் மேலே படியும் மெழுகான வாக்ஸைத் தாராளமாகவும் பயன்படுத்தினார். இன்றைய கார்களில் அந்தச் சாட்சி இல்லாமல் போய்விட்டது. நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருப்பதால், எவ்வளவு தேய்த்தாலும் துணியில் நிறம் ஏறுவதில்லை; எதுவுமே குறையவில்லை என்ற நம்பிக்கையோடு தேய்த்துக்கொண்டே இருக்கலாம். துணியில் நீலம் தெரியும்போது விஷயம் கைமீறியிருக்கும்.

இப்போதைய காரின் இரும்புத் தகட்டின்மீது துருவைத் தடுக்கும் மின்படிவுப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக கிளியர் கோட் என்று அடுக்குகள் உண்டு. எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். சில கார்களில் அதற்கும் குறைவு. அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் பருமனில் பாதியை ஒட்டிய அளவு. வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் இந்த அடுக்கில்தான் கலந்திருக்கின்றன. கீழேயுள்ள நிறம் வெளுக்காமல் இருப்பது இதன் தயவில்தான். இது ஓர் அளவுக்கு மேல் மெலிந்துவிட்டால் கூரையிலும் போனட்டிலும் வெண்திட்டுகள் தோன்றி, பிறகு தோல் உரிவதைப் போல உரியத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் பாலிஷ், வாக்ஸ், கோட்டிங் எதற்கும் வேலையில்லை. பட்டறைக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பெயிண்ட் அடிப்பதுதான் வழி.

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு அது வெறும் தகவலாகத்தான் இருந்தது. பழைய கார்களை வாங்கி விற்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்த நாளில்தான் அது என் காரைப் பற்றிய செய்தியாக மாறியது. அவர் எங்கே போனாலும் பெயிண்ட்டின் தடிமனை அளக்கும் ஒரு சிறு கருவியைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். இரும்புத் தகட்டின்மேல் உள்ள பூச்சைக் காந்தத் தூண்டல் முறையில் அளக்கும் கருவி அது. பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. விபத்தில் அடிபட்ட காரைக் கண்டுபிடிப்பதற்காகவே அதை வாங்கியிருந்தார். பேச்சுவாக்கில் என் காரின்மேல் வைத்து வைத்து எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். கூரை 118, வலது முன்கதவு 112, டிக்கி 115. இடது பின்கதவில் எண் முந்நூறைத் தாண்டியதும் சிரித்தார். "இங்க பட்டி பாத்துப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க, மறைக்காதீங்க" என்றார். நான் மறைக்கவில்லை, தண்ணீர் லாரி ஒன்று உரசிய கதை அது. பிறகு போனட்டின் நடுவில் வைத்தார். 94. கொஞ்சம் நகர்த்தி வைத்தார். 91.

அவருக்கு அது பொருட்படுத்த வேண்டிய எண்ணாகத் தோன்றவில்லை. அடிபடாத போனட், அவ்வளவுதான். எனக்கு அந்த இருபது மைக்ரானிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தொழிற்சாலையிலேயே ஒரு தகட்டுக்கும் இன்னொரு தகட்டுக்கும் கொஞ்சம் வேறுபாடு இருக்கும் என்பதும், அந்தக் கருவி மொத்தத் தடிமனைத்தான் சொல்லுமே தவிர கிளியர் கோட் மட்டும் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு சர்வீஸிலும் பாலிஷ் போடும் மெஷின் அதிகம் ஓடும் இடம் போனட்தான். வண்டியை எடுக்க வருகிறவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். அந்த இருபதில் பாதிக்குப் பாலிஷ்தான் காரணம் என்று வைத்துக்கொண்டாலும், இனி என்னிடம் செலவழிக்க அதிகம் மிச்சமில்லை. அதுவரை காரை எப்படிப் பளபளப்பாக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தவன், அன்றிலிருந்து எதையெல்லாம் செய்யாமல் விட முடியும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

கடைசியாக ஒரு முறை

எதையுமே செய்யாமல் விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை. சரியாக ஒரு முறை செய்துவிட்டுப் பிறகு காப்பதில் மட்டும் கவனம் செலுத்துவது என்று முடிவு செய்தேன். மெஷினைக் கையில் எடுப்பதற்கு முந்தைய வேலைகள்தான் இதில் பாதி நேரத்தைத் தின்கின்றன. நன்றாகக் கழுவிய பிறகும், பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்ட்டைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். எங்கள் தெரு புறநகர் ரயில் பாதையை ஒட்டியது. பிரேக் பிடிக்கும்போது பறக்கும் இரும்புத் துகள்கள் வந்து படிந்து, பெயிண்ட்டில் பொதிந்து, அங்கேயே துருப்பிடிக்கின்றன. அயர்ன் ரிமூவர் என்ற திரவத்தைத் தெளித்ததும், கருநீலத்தின்மேல் ஊதா நிறம் கோடு கோடாக வடியத் தொடங்கியது. அதில் இருப்பது தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள்; அழகு நிலையங்களில் தலைமுடியைச் சுருட்டப் பயன்படுத்தும் திரவத்தின் உறவுக்காரன்; அதே அழுகிய முட்டை நாற்றம். மாடிவீட்டு அம்மா எட்டிப் பார்த்து, கேஸ் கசிகிறதா என்று கேட்டார்.

அதில் கரையாத தார்ப்பொட்டுகளையும் மரப்பிசினையும் க்ளே பார் எடுத்துவிடும். ஜப்பானிலிருந்து உலகெங்கும் பரவிய பொருள் அது. களிமண்ணைப் போலப் பிசையலாம். பெயிண்ட் வழவழவென்று ஈரமாக இருக்கும்படி தெளித்துக்கொண்டு, அழுத்தாமல் நகர்த்த வேண்டும். கீழே விழுந்த துண்டை யோசிக்காமல் குப்பையில் போட்டுவிட வேண்டும். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், நீக்க வந்த கீறலைவிட ஆழமான கீறலைப் போடும்.

மெஷினில் ரோட்டரி, டூயல் ஆக்‌ஷன் என இரண்டு வகை உண்டு. முதலாவது ஒரே அச்சில் வேகமாகச் சுழன்று சூட்டைக் கிளப்புவது. பட்டறைகளில் பெரும்பாலும் அதுதான் ஓடும். பழகிய கைக்கு அது வேகமான கருவி. பழகாத கையில், வளைவின் முகட்டில் கண் இமைக்கும் நேரம் நின்றாலும் பூச்சைத் தின்றுவிடும். இரண்டாவது, சுழன்றுகொண்டே அலையவும் செய்வதால் வேகம் குறைவு, ஆபத்தும் குறைவு. பல மாடல்களில் மிகையாக அழுத்தினால், முனையில் மாட்டியிருக்கும் பேட் என்ற மெத்தை சுழல்வதை நிறுத்திவிடும். வீட்டில் செய்கிறவர்களுக்கு அதைத் தவிர வேறெதையும் சிபாரிசு செய்யமாட்டேன். ஓரங்களிலும் முகடுகளிலும் டேப் ஒட்டிக்கொண்டு, ஒரு முழப் பரப்பில் மட்டும் முதலில் சோதித்துப் பார்த்தேன். கடினமான பேடும், பாலிஷைவிட வேகமாகப் பூச்சை வெட்டும் காம்பவுண்டும் வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாக, மென்மையான பேடும் நுண்மையான பாலிஷுமே பத்தில் ஆறேழு கீறலை எடுத்துவிட்டன. மிச்சத்தை எடுக்க இன்னும் வலுவான காம்பவுண்டுக்குப் போகலாம். போகவில்லை. முன்பு என்றால் போயிருப்பேன்.

போனட்டில் பூனை சறுக்கிய மூன்று நகக் கீறல்கள் இருந்தன. விரல்நகத்தைக் குறுக்காக ஓட்டினால் தட்டும். நகத்துக்குத் தட்டுகிற கீறல், பாலிஷால் பத்திரமாக எடுக்கக்கூடிய ஆழத்தைத் தாண்டிவிட்டது என்பது இந்த வேலையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. அதன் விளிம்புகள் மட்டும் மழுங்கட்டும் என்று லேசாக ஒரு முறை ஓட்டிவிட்டு நகர்ந்தேன். இப்போதும் அவை இருக்கின்றன. கிட்டே போனால் தெரியும், நாலடி தள்ளி நின்றால் தெரியாது. பற்பசையைத் தேய்த்துக் கீறலைப் போக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். பற்பசையிலும் தேய்பொருள் இருக்கிறது. ஆனால் அது பல்லுக்கு அளவெடுத்தது. சில கீறல்கள் மங்கும், கூடவே அந்த இடம் முழுவதும் மங்கும்.

பாதுகாப்பு என்று விற்கப்படுவது

பூச்சைக் காப்பாற்றும் பொருள்களைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு அவை வேலை செய்வதில்லை என்பது என் கட்சி. ஒரு காலத்தில் புதுக் கார் வாங்கும்போதே டெஃப்லான் கோட்டிங் என்று ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். தோசைக்கல்லில் அந்தப் பொருள் ஒட்டிக்கொள்வதற்கு 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டைக் காரின் பெயிண்ட்டுக்குக் கொடுத்தால் பெயிண்ட்டே மிஞ்சாது. ஆக, கார்களில் பூசப்பட்டது அந்தப் பொருளின் பொடி கலந்த ஒரு வாக்ஸ் அல்லது பாலிமர். அது எவ்வளவு காலம் நிற்குமோ அவ்வளவு காலம்தான் நின்றது. இப்போது அந்த இடத்தில் செராமிக் கோட்டிங் வந்திருக்கிறது. இது அதைப் போன்ற ஏமாற்று அல்ல. சிலிக்கா சார்ந்த பூச்சு பெயிண்ட்டின்மேல் உண்மையாகவே இறுகுகிறது, தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்குகின்றன, இரண்டு மூன்று ஆண்டுகள்கூட நிற்கலாம். ஆனால் 9எச் என்ற எண்ணைக் காட்டி, வைரத்துக்கு அடுத்த கடினம் என்பதுபோல விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அது பென்சில் கடினச் சோதனையின் எண். வரைபடம் போடும் பென்சிலின் முனையால் பூச்சைக் கீறிப் பார்த்துச் சொல்வது. தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலுக்கு அந்தப் பென்சில் எந்த மூலைக்கு? ஓரிரு மைக்ரான் தடிமனுள்ள எந்தப் பூச்சும் மணல் படிந்த துணியைத் தாங்காது. இன்னொன்றையும் விற்பவர்கள் சொல்வதில்லை: கோட்டிங் போடுவதற்கு முன் கீறல்களை நீக்கியாக வேண்டும் என்பதால், முதலில் மெஷின் ஓடும். காப்பின் பெயரால் நடக்கும் முதல் வேலையே சீவுவதுதான்.

உண்மையிலேயே தடிமனைக் கூட்டுவது பிபிஎஃப் என்னும் பாலியூரித்தேன் ஒட்டுப்படலம் மட்டுமே. 150 மைக்ரானுக்கும் மேலான அது கல்லடியையும் தாங்கும். ஆனால் முழுக்காருக்கு ஒட்ட லட்ச ரூபாயை ஒட்டிச் செலவாகும், என் கார் இன்று விற்கும் விலைக்கு அது நியாயமில்லை. நான் போட்டது, தெளித்துத் துடைக்கும் சாதாரண சிலிக்கா கலவை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். கார்னூபா வாக்ஸின் ஆழ்ந்த ஒளி எனக்கும் பிடிக்கும். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் அது 80 டிகிரியைத் தாண்டினால் உருகும். சென்னையின் மே மாத வெயிலில் கரும் போனட் 70 டிகிரியைத் தொடும்போது அதன் ஆயுள் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

தண்ணீரும் துணியும்

பெயிண்ட்டை அழிப்பதில் வெயிலுக்கும் பறவை எச்சத்துக்கும் பங்கு உண்டு. எச்சத்தின்கீழ் உள்ள பூச்சு வெயிலில் இளகி, ஆறும்போது காய்ந்த எச்சத்தின் உருவத்திலேயே இறுகிவிடுகிறது; அதனால் அன்றன்றே ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். ஆனால் பெருந்திருடர்கள் இரண்டு பேர்தான்: நாம் ஊற்றும் தண்ணீர், நாம் துடைக்கும் துணி.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 1,200க்குப் பக்கத்தில் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. சிக்கனம் கருதி ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் கழிவுநீரை வாளியில் பிடித்துக் காரைக் கழுவும் வழக்கம் எங்கள் அடுக்ககத்தில் பல வீடுகளில் உண்டு. தண்ணீரை வீணாக்காத நல்ல மனத்தோடு, வீட்டிலேயே உப்பு மிகுந்த நீரைத் தேடிப் பிடித்து பெயிண்ட்டில் ஊற்றிக் காயவிடுகிறோம். காய்ந்ததும் சுண்ணாம்பு வளையங்கள் நிற்கும். புதிதாக இருக்கும்போது தண்ணீர் கலந்த வினிகருக்குக் கரையும், வெயிலில் வெந்துவிட்டால் பூச்சையே அரித்துப் பள்ளமாக்கிவிடும். அந்தக் கழிவுநீரைக் கழிப்பறைக்கு வைத்துக்கொண்டு, ஏசியிலிருந்து சொட்டும் நீரைக் காருக்குப் பிடித்து வைப்பது நல்லது. காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு அநேகமாக இல்லை; என் மீட்டரில் 30ஐக்கூடத் தொடவில்லை. கழுவுவதெல்லாம் வழக்கமான தண்ணீரில் இருக்கட்டும். கடைசி அலசல் மட்டும் ஏசி நீரில் என்றால் வளையம் விழுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடி மழைநீரும் அதே வேலையைச் செய்யும், முதல் மழையை ஓடவிட்டால்.

துணியின் கதை அவ்வளவு எளிதல்ல. வெயிலில் நிற்கும் கரிய காரில் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலையைப் போல வட்டக் கீறல்கள் தெரியும். வட்டமாகத் துடைத்ததால் வந்தவை என்பார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் ஓடுகின்றன. அவற்றில் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகிற கோணத்தில் அமைந்தவை மட்டும் தெரிவதால் வட்டமாகத் தோன்றுகிறது. ஆகவே நேராகத் துடைத்தால் தப்பிக்கலாம் என்பதும் நடக்காது. காய்ந்த புழுதியின்மேல் துணி ஓடினால் எந்தத் திசையிலும் கீறல்தான்.

எங்கள் அடுக்ககத்தில் விடிவதற்கு முன்பே வந்து கார்களைத் துடைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒரு வாளி, ஒரு துணி, வரிசையாக எல்லாக் கார்களும். மூன்றாவது காருக்கு வரும்போது வாளித் தண்ணீர் செம்மண் நிறமாகியிருக்கும். பக்கத்தில் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து புழுதியில் சிமென்டும் சேர்ந்துகொண்டது. தினமும் துடைக்க வேண்டாம், கண்ணாடிகளை மட்டும் துடைத்தால் போதும், பணம் வழக்கம்போலத்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "வண்டி மேல தூசி தெரிஞ்சா, நான் வேலை செய்யலன்னுதான சார் பாக்குறவங்க சொல்லுவாங்க? செக்ரட்டரி சார் கேப்பாரு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கீறல் அவருடைய குற்றமே அல்ல; தினமும் பளபளவென்று இருக்க வேண்டும் என்று காசு கொடுப்பவர்கள் நாம், அதைத்தான் அவர் நிறைவேற்றுகிறார்.

செக்ரட்டரியிடம் நானே பேசினேன். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் அண்ணன் என் காரை முதலில் வெறும் தண்ணீரால் புழுதி போகும்படி அலசுகிறார். பிறகு ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி, மேலிருந்து கீழே, சக்கரத்துக்குத் தனித் துணி. அலசும் வாளியின் அடியில் தங்கும் மணலை அவரே ஒரு நாள் விரலால் எடுத்துக் காட்டினார். கடைசியில் ஏசி நீரை ஊற்றிப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுக்கிறார். மற்ற நாள்களில் என் கார் புழுதியோடுதான் நிற்கிறது. வண்டியை இப்படி விட்டுவிட்டீர்களே என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மூன்றாம் மாடிக்காரர் புதிதாக வாங்கிய கறுப்பு எஸ்யூவிக்குச் செராமிக் கோட்டிங் போட்டிருக்கிறார். அதைத் தினமும் துடைத்தாக வேண்டும் என்பது அவர் கட்டளை. அந்த வண்டிக்கும் இரண்டு வாளி வைத்துக்கொள்ளலாமா என்று அண்ணன் கேட்டாராம். நேரமாகும், பழைய மாதிரியே செய் என்று சொல்லிவிட்டாராம் அவர்.